கடைசி நோயாளி வரையில்: எல்லைப்புற மலேரியா ஒழிப்பு கற்பிக்கும் பாடம்

அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் சொந்த நலனை மட்டும் பார்த்தால் சங்கம் நிலைக்காது என்பதை நாம் அடிக்கடி பேசி வருகிறோம். இவ்வுண்மை கடன், நூல், விதை, விற்பனை ஆகியவற்றுக்கு மட்டும் உரியதன்று, உடல்நலத்திற்கும் உரியது. கடல் கடந்த ஒரு நாட்டின் எல்லைப்புற மலைகளில், நெல் விதைத்தும் துணி நெய்தும் வாழும் மக்கள் மலேரியாக் காய்ச்சலை விரட்ட மேற்கொண்ட முயற்சியை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அம்முயற்சி பெருமளவு வென்றது. பின்னர் இடையூறுக்கு உள்ளாயிற்று. வென்றதன் காரணத்தையும் இடையூறு நேர்ந்ததன் காரணத்தையும் ஆராய்ந்தால், நம் சங்க வாழ்வுக்கும் அதில் படிப்பினை உண்டு.

1. அந்த மலைநாடு

நம் முன்னோர் பர்மா என்று அழைத்த மியன்மாரின் தென்கிழக்கில், தாய்லாந்தை ஒட்டிக் கயின் மாநிலம் உள்ளது. அங்கே பெரும்பாலோர் கரேன் இனத்தவர். இரு நாடுகளுக்கும் நடுவே நெடுந்தூரம் மோய் ஆறு ஓடுகிறது. ஆற்றின் ஒரு கரையில் மியன்மாரின் மியாவதி நகரம். மறு கரைப் பக்கத்தில் தாய்லாந்தின் தாக் மாகாணத்தைச் சேர்ந்த மே சொட் நகரம். கோடையில் பல இடங்களில் ஆற்றை நடந்தே கடக்கலாம். மியன்மார் மக்கள் பலர் மே சொட் பகுதியின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வயல்களிலும் கூலி வேலை செய்யச் செல்கின்றனர். மனிதர் கடக்கும்போது அவர்தம் இரத்தத்திலுள்ள நோயும் உடன் கடக்கிறது. அதற்கு அனுமதிச் சீட்டுக் கேட்பாரில்லை.

இந்த எல்லை தமிழர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய இராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை அமைத்தது. 1943ஆம் ஆண்டில் முடிவுற்ற அந்தப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பாதை எல்லையைக் கடந்த இடம் மூன்று பகோடாக் கணவாய். காலரா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி, அடி உதை ஆகியவற்றோடு மலேரியாவும் சேர்ந்து எண்ணற்றவரை அங்கேயே புதைத்தது. ஊர் திரும்பாத தாத்தாவைப் பற்றிய பேச்சு இன்றும் சில குடும்பங்களில் உண்டு. நாம் இங்கு ஆராயும் பிரதேசம் அதே மலைத்தொடரில் சற்று வடக்கே உள்ளது.

கரேன் விவசாயிகள் பலர் மலைச்சரிவைத் திருத்தி நெல் விதைக்கின்றனர். கதிர் முற்றும் காலத்தில் பறவைகளையும் விலங்குகளையும் விரட்டுவதற்காக, ஊரை விட்டு விலகிய கொல்லைக் குடிசைகளில் குடும்பத்தோடு தங்குகின்றனர். பெண்கள் பாவின் ஒரு முனையை வீட்டுத் தூணிலும் மறு முனையைத் தம் இடுப்பிலும் கட்டி நெய்யும் இடுப்புத் தறியில் துணி நெய்கின்றனர். அவர்தம் வாழ்வு நம் வாழ்வுக்கு வெகு தூரத்தில் இல்லை. ஒருவர் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தால் கதிர் கொல்லையிலேயே பாழாகும். தறியில் பாவு நின்றுவிடும். நோயின் உண்மையான விலை மருந்துச் செலவு மட்டுமன்று என்பதை அன்றாடக் கூலியில் வாழ்பவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

2. நோய் நிலைபெறும் விதம்

மலேரியாவை ஒழிக்க முயல்வோர் முதலில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். அனாபிலிஸ் என்னும் கொசு வகையே அதைப் பரப்புகிறது. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை 1897ஆம் ஆண்டில் நமது நாட்டின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். ஆனால் கொசு நோயைத் தானே உண்டாக்குவதில்லை. நோயுற்ற மனிதனின் இரத்தத்திலிருந்தே அதைப் பெறுகிறது. பெற்ற கிருமி கொசுவின் உடலில் பக்குவமடையச் சுமார் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகின்றன. அதன் பின்னரே அக்கொசு கடித்தால் மற்றவர்க்கு நோய் தொற்றும். ஆகவே மனிதன், கொசு, மீண்டும் மனிதன் என்று சுழலும் இச்சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தினால் போதும்.

மனிதரைப் பீடிக்கும் மலேரியாக் கிருமிகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று பால்சிபாரம். இது மூளையைத் தாக்கி உயிரைக் குடிக்க வல்லது. மற்றொன்று வைவாக்ஸ். இது பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. எனினும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் மீண்டும் காய்ச்சலாக எழும்.

பால்சிபாரத்தின் இயல்பில் ஒழிப்புக்கு உதவும் ஒரு செய்தி உண்டு. காய்ச்சல் தொடங்கியவுடன் அந்நோயாளி கொசுவுக்கு நோயைக் கொடுப்பதில்லை. கொசுவுக்குத் தொற்றக்கூடிய பருவத்துக் கிருமி இரத்தத்தில் தோன்றச் சில நாட்கள் செல்லும். காய்ச்சல் கண்ட முதல் நாளோ இரண்டாம் நாளோ சரியான மருந்து கொடுத்துவிட்டால், நோயாளி பிழைப்பதோடு அவரிடமிருந்து நோய் பரவுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஒருவரைக் காப்பதும் ஊரைக் காப்பதும் இங்கே ஒரே செயலாகிறது. ஆனால் அந்த முதல் இரண்டு நாட்களைத் தவறவிடலாகாது.

நம் ஊர்களில் வலையும் வீட்டுச் சுவரில் தெளிக்கும் மருந்தும் நல்ல பயன் அளித்திருக்கின்றன. கயின் மலைகளில் அவற்றின் பயன் குறைவு. அங்குள்ள அனாபிலிஸ் வகைகள் காட்டோரங்களில் வாழ்கின்றன. அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும், வீட்டுக்கு வெளியிலும் கடிக்கின்றன. கொல்லையில் காவல் இருப்பவரும் காட்டில் மூங்கில் வெட்டுபவரும் அந்நேரத்தில் வலைக்குள் இருக்க முடியாது. ஆகவே அப்பிரதேசத்தில் நோயை ஒழிக்க மருந்தையும் பரிசோதனையையுமே முதன்மையாக நம்ப வேண்டியதாயிற்று.

3. மருந்து தோற்ற வரலாறு

மருந்தை மட்டும் நம்புவதிலும் பேராபத்து உண்டு. ஒரு காலத்தில் குளோரோகுயின் மாத்திரை மலேரியாவுக்கு மலிவான, உறுதியான மருந்தாக விளங்கிற்று. 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லைப் பகுதியில் அதற்கு அடங்காத பால்சிபாரக் கிருமி தோன்றியது. அக்கிருமி பின்னர் ஆப்பிரிக்கா வரை பரவி, அங்கே குழந்தைகளின் மரணம் பெருகக் காரணமாயிற்று. அடுத்து வந்த மெப்ளோகுயின் மருந்தும் 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து–பர்மா எல்லையில் வலுவிழந்தது.

அந்த எல்லையில் அகதிகளாய் வந்த கரேன் மக்களிடையே 1986ஆம் ஆண்டு முதல் ஷோக்லோ மலேரியா ஆராய்ச்சிப் பிரிவு பணியாற்றி வருகிறது. மருத்துவர் பிரான்சுவா நொஸ்தென் அதை நடத்தி வந்தவர். சீன நாட்டு மூலிகையொன்றிலிருந்து 1970களில் து யூயூ அம்மையாரும் அவர்தம் குழுவினரும் பிரித்தெடுத்த ஆர்டெமிசினின் வகை மருந்தையும் மெப்ளோகுயினையும் சேர்த்துக் கொடுக்கும் முறை 1994ஆம் ஆண்டில் அகதி முகாம்களில் தொடங்கப்பட்டது. நோய் விரைவில் தணிந்தது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே உலகெங்கும் பின்னர் முறையாயிற்று. து யூயூ அம்மையாருக்கு 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

எனினும் கிருமி ஓயவில்லை. ஆர்டெமிசினினுக்கும் மெல்ல அடங்கும் கிருமி மேற்குக் கம்போடியாவில் தோன்றியிருப்பது 2009ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. சில ஆண்டுகளில் மியன்மார் எல்லையிலும் அது காணப்பட்டது. முழு அளவு உட்கொள்ளாமல் பாதியில் நிறுத்துதலும், கடைகளில் விற்கப்பட்ட போலி மாத்திரைகளும் இதற்குத் துணை செய்தன. காய்ச்சல் தணிந்ததும் மிச்ச மாத்திரையை அடுத்த முறைக்கென்று பத்திரப்படுத்தும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. அந்தச் சிக்கனமே கிருமிக்குப் பயிற்சியளிக்கிறது.

குளோரோகுயினின் கதை மீண்டும் நடந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. மருந்து முற்றிலும் தோற்குமுன் பால்சிபாரக் கிருமியையே அப்பிரதேசத்திலிருந்து துடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. ஒரு நோயைக் குறைப்பது வேறு, ஒழிப்பது வேறு. குறைப்பதற்கு எளிதில் எட்டும் ஊர்கள் போதும். ஒழிப்பதற்கு எட்டாத ஊரையும் எட்ட வேண்டும்.

4. ஊருக்கு ஒரு காய்ச்சல் நிலையம்

2014ஆம் ஆண்டு மே மாதத்தில் கயின் மாநிலத்தின் கிழக்கே உள்ள நான்கு வட்டங்களில் இப்பணி தொடங்கியது. 1949ஆம் ஆண்டு முதல் உள்நாட்டுப் போரால் அலைக்கழிந்த பகுதி அது. சில ஊர்கள் அரசாங்கத்தின் ஆட்சியிலும், சில கரேன் இயக்கங்களின் ஆட்சியிலும் இருந்தன. சாலை இல்லை, மருத்துவமனை அருகில் இல்லை. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஒரு மலேரியா நிலையம் அமைக்கப்பட்டது. நிலையம் என்றவுடன் கட்டடத்தை நினைக்கலாகாது. அந்த ஊரில் வாழும் ஒருவர், அவருக்குக் குறுகிய காலப் பயிற்சி, ஒரு பெட்டி மருந்து, பரிசோதனைப் பட்டைகள், ஒரு பதிவேடு. அவ்வளவே.

காய்ச்சல் கண்டவர் வந்தால் விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பட்டையில் இடுவார். சுமார் கால் மணி நேரத்தில் முடிவு தெரியும். பால்சிபாரம் என்று கண்டால் மூன்று நாட்களுக்குரிய கூட்டு மருந்தும், கொசுவுக்குத் தொற்றும் பருவத்துக் கிருமியைக் கொல்ல ஒரே ஒரு வேளை சிறிதளவு பிரைமாகுயினும் கொடுக்கப்படும். அந்த வாரம் எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேருக்கு நோய் என்பதை வாரந்தோறும் மையத்திற்கு அறிவிக்க வேண்டும்.

இதில் புதுமையான மருந்து ஒன்றுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தூரத்தைக் குறைத்ததே புதுமை. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் நடந்து போய் மருந்து வாங்கும்படி ஒரு விவசாயியிடம் சொன்னால், அவர் மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பார். அந்த மூன்று நாட்களில் நோய் கொசுவிடம் போய்விடும். அண்டை வீட்டிலேயே பரிசோதனை உண்டென்றால் அன்று மாலையே வருவார். நம் ஊர்களில் கடன் சங்கம் ஏற்படுமுன் விவசாயி வட்டிக்கடையை நாடியது, வட்டி குறைவென்பதாலன்று. கடை அருகில் இருந்ததாலேயே அன்றோ! சேவை எதுவாயினும் அது மக்களின் காலடிக்கு வரவேண்டும்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற்குள் 1,222 நிலையங்கள் திறக்கப்பட்டன. சுமார் 3,65,000 மக்களுக்கு அவை பயன்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில், 965 ஊர்கள், அதாவது நூற்றுக்கு 79 ஊர்கள், குறைந்தது ஆறு மாத காலமாகப் பால்சிபார மலேரியா ஒன்றுகூட இல்லாதவையாக இருந்தன. இதன் விவரங்கள் 2018ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின.

5. நலமுள்ளவரும் மருந்துண்ட ஊர்கள்

எஞ்சிய ஊர்களுள் சிலவற்றில் நிலையம் நன்கு நடந்தும் நோய் விரைவில் தணியவில்லை. அதற்குக் காரணம் காய்ச்சலே இல்லாதவர்கள்! பலமுறை மலேரியாவால் பீடிக்கப்பட்டவர்க்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அவர் உடலில் கிருமி சொற்பமாய் மாதக்கணக்கில் இருக்கும். அவருக்கு எந்தத் துன்பமும் தோன்றாது. கொல்லை வேலை செய்வார், நெய்வார், உண்பார், உறங்குவார். ஆனால் அவரைக் கடிக்கும் கொசு நோயைப் பெறக்கூடும். கால் மணி நேரப் பரிசோதனைப் பட்டை அத்துணைச் சிறிய அளவைக் காட்டாது. அதற்கு மிக நுட்பமான ஆய்வுக்கூடச் சோதனை தேவை.

272 ஊர்களில் பெரியவர்களுள் ஒரு பகுதியினரிடம் இரத்த மாதிரி எடுத்து அவ்வாறு சோதிக்கப்பட்டது. அவற்றுள் 69 ஊர்கள் மறைவான நோய் மிகுந்த ஊர்களாகக் கண்டறியப்பட்டன. அத்தகைய ஊர்களில் எல்லோருக்கும், நோயுற்றவர் நலமுள்ளவர் என்ற பேதமின்றி, மாதம் மூன்று நாட்கள் வீதம் மூன்று மாதங்கள் மருந்து கொடுப்பதென்று திட்டமிடப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உரிய விலக்குகள் உண்டு. 2017 ஏப்ரலுக்குள் 50 ஊர்களில் இது நிறைவேறியது.

இதுவே முயற்சியின் கடினமான பகுதி. காய்ச்சலில் துடிப்பவர் மருந்தைத் தாமே கேட்டு வாங்குவார். “எனக்கு ஒன்றுமில்லையே, நான் ஏன் விழுங்க வேண்டும்?” என்று கேட்கும் திடகாத்திரமான இளைஞருக்கு என்ன பதில் சொல்வது? அதிகாரத்தைக் காட்டி வாயில் ஊட்ட முடியாது. அதுவும் பல பத்தாண்டுகளாய் ஆயுதத்தையும் அதிகாரத்தையும் கண்டு அஞ்சிய மக்களிடம் அது நடவாது. ஊர்க்கூட்டம் கூட்ட வேண்டும். பெரியவர்களிடமும் பெண்களிடமும் பேச வேண்டும். கேள்விகளுக்கு மறைக்காமல் விடையிறுக்க வேண்டும். மறுக்கும் உரிமையையும் மதிக்க வேண்டும். “இம்மருந்து உமக்காக மட்டுமன்று, உம் அண்டை வீட்டுக் குழந்தைக்காகவும்” என்பதே சொல்லத்தக்க பதில். ஊரில் மிகப் பலர் உட்கொண்டால்தான் பயன்; பாதிப்பேர் மட்டும் உட்கொண்டால், விலகியவர் உடலிலிருந்து நோய் மீண்டும் பரவும்.

ஐக்கிய நாணயச் சங்கத்தின் பழைய தத்துவமும் இதுவே. அங்கத்தினர் ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. தாம் கடன் வாங்காதிருந்தும் பிறருக்காகக் கையொப்பமிட்ட பெரியோர்களால்தான் அச்சங்கங்கள் வேரூன்றின. கயின் மலைகளில் நோயில்லாதவர் விழுங்கிய மாத்திரை அத்தகைய கையொப்பமே.

பயன் என்ன? மருந்து கொடுக்கப்பட்ட ஊர்களில் பால்சிபார நோய் சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. எல்லோருக்கும் மருந்து கொடுத்தால் மருந்தை எதிர்க்கும் கிருமி பெருகிவிடும் என்று சிலர் அஞ்சினர். அந்த மூன்று ஆண்டுகளில் அவ்வாறு பெருகவில்லை என்று சோதனைகள் காட்டின.

6. உறங்கும் எதிரி

வைவாக்ஸ் இவ்வளவு எளிதில் பணியவில்லை. இரத்தத்திலுள்ள கிருமியைக் கொன்றாலும் கல்லீரலில் உறங்குவது எஞ்சிவிடுகிறது. அதைக் கொல்லப் பிரைமாகுயின் மாத்திரையை வழக்கமாகப் பதினான்கு நாட்கள் உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டபின் பதினான்காம் நாள் வரை மாத்திரையை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

வேறொரு சிக்கலும் உண்டு. இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் பொருள் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்கள் இந்த மருந்தை இந்த அளவில் உட்கொண்டால் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் சோகை உண்டாகும். மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளில் இக்குறைபாடு மிகுதி. நம் நாட்டிலும் உண்டு. ஆகவே முதலில் அதற்கான இரத்தப் பரிசோதனை செய்து, பின்னரே முழு மருந்தும் கொடுக்க வேண்டும். மலையூரில் அந்தப் பரிசோதனையையும் கொண்டு சேர்ப்பது எளிதன்று. பால்சிபாரம் வெகுவாகக் குறைந்த பின்னரும் வைவாக்ஸ் எஞ்சியதற்கு இவையே முக்கிய காரணங்கள்.

7. காவலைக் கைவிடாத எல்லை

மியன்மாரின் மற்றோர் எல்லையில் என்ன நடந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். வடக்கே அதன் அண்டை நாடு சீனம். 1940களில் சீனத்தில் ஆண்டுக்குச் சுமார் மூன்று கோடிப் பேர் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர். இறுதியில் நோய் எஞ்சிய பகுதிகளுள் முக்கியமானது மியன்மாரை ஒட்டிய யுன்னான் மாகாணம். அங்கே கைக்கொண்ட விதியை மூன்று எண்களில் கூறுவர்: ஒன்று, மூன்று, ஏழு. நோயாளி கண்டறியப்பட்டால் ஒரு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் அந்நோயை உறுதி செய்து, அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். ஏழு நாட்களுக்குள் அவ்விடத்தில் மேலும் பரவாமல் தடுக்க வேண்டிய யாவும் செய்ய வேண்டும்.

சீனத்தில் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2016ஆம் ஆண்டில் யுன்னானின் எல்லைப்புறத்தில் காணப்பட்டார். 2021ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சீனம் மலேரியா அற்ற நாடென்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சான்று கிடைத்ததால் எல்லையில் காவல் கலைக்கப்படவில்லை. அண்டை நாட்டிலிருந்து நோயுற்றவர் வந்த வண்ணம் இருக்க, ஒன்று–மூன்று–ஏழு விதி அங்கே தொடர வேண்டியதாயிற்று.

8. காவல் நீங்கியபோது

காவலைத் தளர்த்தினால் விளைவது என்ன என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே சான்று உண்டு. இலங்கையில் 1934–35ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டு போயிற்று. 1946ஆம் ஆண்டில் வீடுகளில் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கினர். 1963ஆம் ஆண்டில் தீவு முழுவதிலும் கண்ட நோயாளிகள் 17 பேரே. நோய் ஒழிந்தது என்று எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டில் நோயாளிகள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டனர். பின்னர், இடையில் நேர்ந்த போரையும் தாண்டி, பல பத்தாண்டு உழைப்பால் அந்நோயை மீண்டும் வென்றனர். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012ஆம் ஆண்டு அக்டோபரில் காணப்பட்டார். 2016ஆம் ஆண்டில் சான்று கிடைத்தது. பதினேழு என்ற சிறு எண் பூச்சியமன்று என்னும் பாடத்தை அத்தீவு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

இனிக் கயின் மலைகளுக்குத் திரும்புவோம். அங்கே காவல் தளர்ந்தது மறதியாலன்று. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. எல்லைப்புறத்தில் சண்டை மூண்டது. மக்கள் ஊரை விட்டுக் காட்டுக்குள்ளும் ஆற்றைக் கடந்தும் ஓடினர். மருந்தும் பரிசோதனைப் பட்டையும் கொண்டு செல்லும் வழிகள் தடைப்பட்டன. நிலையப் பணியாளரும் ஊராரோடு ஊராராய் ஓடியவர்தாமே!

விளைவு விரைவில் தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் மியன்மாரில் மலேரியா நோயாளிகள் சுமார் 78,000. 2022ஆம் ஆண்டில் சுமார் 5,84,000. மூன்றே ஆண்டுகளில் ஏழு மடங்கு! ஆற்றின் மறு கரையில் தாய்லாந்தின் தாக் மாகாணத்திலும் 2022ஆம் ஆண்டில் நோய் வெகுவாக உயர்ந்தது. கயினிலும் தாக்கிலும் உயர்ந்தது பெரும்பாலும் உறங்கி எழும் வைவாக்ஸ் ஆகும். ஒரு கரையில் அமைதி குலைந்தால் மறு கரையில் காய்ச்சல் ஏறுகிறது.

ஆயினும் முன்னைய உழைப்பு வீணாயிற்று என்று நாம் கருதலாகாது. பயிற்சி பெற்ற ஊரார் இருக்கின்றனர். விரலைக் குத்திப் பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் மக்களிடம் பதிந்திருக்கிறது. மேலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி சண்டை வந்தால் தலைநகர் திரும்பிவிடுவார். அந்த ஊரிலேயே பிறந்த பணியாளர் போகுமிடமும் தம் ஊராரோடுதான். அவரிடம் பெட்டியில் மருந்து எஞ்சியிருக்கும் வரையில் நிலையமும் அவரோடு செல்லும். ஊருக்குள்ளேயே ஆளைத் தேடிப் பயிற்றுவித்ததன் முழுப் பயன் இடர்க்காலத்திலேதான் விளங்குகிறது.

9. நாம் கொள்ள வேண்டுவன

நமது மாநிலத்தில் மலேரியா முன்போல் மிகுதியாக இல்லை. 2030ஆம் ஆண்டிற்குள் அதை நாட்டிலிருந்தே ஒழிப்பதென்று இந்திய அரசு இலக்கு வைத்துள்ளது. ஆனால் நோய் குறையும் இக்காலமே கவனம் மிக வேண்டிய காலம். நம் நெசவாளர்களுள் சரக்கு விற்கவும், இளைஞர்களுள் வேலை தேடியும் மலைக்காடு மிகுந்த வெளி மாநிலங்களுக்குச் செல்வோர் உளர். அங்கிருந்து நம் ஊர்களுக்கு வேலைக்கு வருவோரும் உளர். அத்தகையோர்க்குக் காய்ச்சல் கண்டால், அன்றோ மறுநாளோ இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் தாமே சொல்ல வேண்டும். வைவாக்ஸ் என்று கண்டால், மருத்துவர் கூறிய நாட்கள் முழுவதும் மருந்தை நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும். சாயத் தொட்டி, கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய நீர் ஆகியவற்றை மூடி வைத்தலும் நம் கையில் உள்ள காரியமே. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு இத்தகைய நீரில் வளர்வது.

நோயைச் சொல்ல வெட்கப்படும் வெளியூர்த் தொழிலாளியைக் கண்டு விலகாமல் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது கருணை மட்டுமன்று. நம் குழந்தைகளுக்கும் அதுவே பாதுகாப்பு. எல்லைக்கு அப்பாலுள்ளவர் நலமின்றி எல்லைக்கு இப்பாலுள்ளவர் நலமில்லை என்று கயின் மலைகள் காட்டியது நம் தெருவுக்கும் பொருந்தும்.

மலேரியா ஒழிப்பில் முதல் ஆயிரம் நோயாளிகளைக் காண்பது எளிது, அவர்களே வருவார்கள். கடைசி நோயாளியை நாம்தாம் தேடிச் செல்ல வேண்டும். அவர் எட்டாத மலையில் இருப்பார். அல்லது காய்ச்சலே இல்லாமல் நம் பக்கத்தில் அமர்ந்து தறியில் நெய்துகொண்டிருப்பார்.

படிப்பு வட்டத்தில் கலந்து பேசச் சில வினாக்கள்

(1) காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாட்களில் சிகிச்சை பெறுவது நோயாளிக்கும் ஊருக்கும் எவ்வாறு ஒருங்கே பயன்படுகிறது?

(2) நலமுள்ளவரும் மருந்து உட்கொள்ள வேண்டியதாயிற்று ஏன்? நம் சங்க வாழ்வில் இதற்கு ஒப்பான கடமைகள் எவை?

(3) இலங்கையிலும் கயின் மாநிலத்திலும் நோய் மீண்டும் பெருகியதன் காரணங்களை ஒப்பிடுக. இரண்டிலும் பொதுவானது யாது?

(4) நம் ஊரில் வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்கு இன்று மாலை காய்ச்சல் கண்டால், நாளை மாலைக்குள் அவர் இரத்தப் பரிசோதனை பெற வழி உண்டா? இல்லையேல் அதற்கு நம் சங்கம் செய்யத்தக்கது என்ன?